ஆய்வுகூடத் தொழில்நுட்பப் பட்டயமும் உயிர்மருத்துவ அறிவியல் பட்டமும் (ஐக்கிய இராச்சியம்)

உயிர்மருத்துவ அறிவியலாளர் என்பது, நோயாளியிடமிருந்து பெறப்படும் குருதி, சிறுநீர், இழையம் முதலிய மாதிரிகளை மருத்துவமனை ஆய்வுகூடத்தில் சோதித்து, முடிவுகளைச் சரிபார்த்து மருத்துவருக்கு அறிவிப்பவரைக் குறிக்க ஐக்கிய இராச்சியத்தில் வழங்கும் பணிப்பெயர் ஆகும். இப்பெயர் சட்டத்தால் காக்கப்பட்டது. பதிவு பெறாத ஒருவர் தம்மை அவ்வாறு அழைத்துக்கொள்வது குற்றமாகும். இப்பணிக்குரிய கல்வி இரண்டு மரபுகளின் சேர்க்கையாக உருவானது. ஒன்று, ஆய்வுகூடத்தில் வேலை செய்துகொண்டே கற்றுப் பெறும் பட்டய மரபு. மற்றொன்று, பல்கலைக்கழகத்தில் பயின்று பெறும் பட்ட மரபு. இவ்விரண்டும் எவ்வாறு இணைந்தன, இன்று ஒருவர் இவற்றை எவ்வாறு இணைத்துக்கொள்ளலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது.

பட்டயம், பட்டம், பதிவு

தமிழில் பட்டயத்துக்கும் பட்டத்துக்கும் இடையே ஓரெழுத்தே வேறுபாடு. நடைமுறையில் இவை வெவ்வேறு வினாக்களுக்கு விடையளிப்பவை. ஆய்வுகூடத் தொழில்நுட்பப் பட்டயம் என்பது, குறித்த சோதனைகளைச் செய்யும் பயிற்சி ஒருவருக்கு உண்டு என்பதற்கான சான்று. உயிர்மருத்துவ அறிவியல் பட்டம் என்பது, உடலியங்கியல், உயிர்வேதியியல், நோயெதிர்ப்பியல், மரபியல், நுண்ணுயிரியல், குருதியியல் முதலிய துறைகளை அவர் பல்கலைக்கழகத் தரத்தில் கற்றார் என்பதற்கான சான்று. மூன்றாவதாகப் பதிவு ஒன்று உண்டு. நோயாளியின் மாதிரியைத் தம் பொறுப்பில் சோதித்து முடிவை வெளியிட ஒருவர் தகுதியானவர் என்று சட்டப்படி நிறுவப்பட்ட அமைப்பு ஏற்றுக்கொள்வதே பதிவாகும்.

பட்டம் பெற்றவுடன் பதிவும் தானே வந்துவிடும் என்று பல மாணவர் எண்ணுகின்றனர். ஐக்கிய இராச்சியத்தில் அவ்வாறு இல்லை. மூன்றாண்டுகள் உயிர்மருத்துவ அறிவியல் பயின்று நல்ல பெறுபேற்றுடன் வெளிவந்தவரும், ஆய்வுகூடப் பயிற்சி பெற்றுப் பதிவு செய்யாதவரை, உயிர்மருத்துவ அறிவியலாளர் ஆகமாட்டார். பட்டத்தின் பெயரும் பணியின் பெயரும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதே இக்குழப்பத்துக்குக் காரணம்.

வரலாறு

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய மருத்துவமனைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் நோயியல் ஆய்வுகூடங்கள் பெருகின. அங்கு மருத்துவருக்கு உதவியாக இளைஞர்கள் அமர்த்தப்பட்டனர். கண்ணாடிக் கலங்களைக் கழுவுவது, வளர்ப்பூடகம் காய்ச்சுவது, இழையத்தை மெழுகில் பதித்து மெல்லிய சீவல்களாக வெட்டுவது, சாயமேற்றுவது ஆகியன இவர்களது வேலைகள். இவர்களுக்கென்று பாடத்திட்டமோ தேர்வோ இருக்கவில்லை. மூத்தவர் செய்வதைப் பார்த்து இளையவர் கற்றுக்கொண்டார்.

1912இல் ஆல்பர்ட் நார்மன் என்பவரின் முயற்சியால் நோயியல், நுண்ணுயிரியல் ஆய்வுகூட உதவியாளர் சங்கம் தொடங்கப்பட்டது. இச்சங்கம் 1942இல் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்ப நிறுவனமாகவும், 1975இல் மருத்துவ ஆய்வுகூட அறிவியல்கள் நிறுவனமாகவும், 1994இல் உயிர்மருத்துவ அறிவியல் நிறுவனமாகவும் பெயர் மாறியது. உதவியாளர், தொழில்நுட்பம், அறிவியல் என்று பெயர் நகர்ந்த வரிசையிலேயே தொழிலின் வரலாறு அடங்கியுள்ளது எனலாம்.

1948இல் தேசிய நலவாழ்வுச் சேவை தொடங்கியபின், பள்ளியை முடித்த இளைஞர் ஒருவர் பயிற்சித் தொழில்நுட்பராக மருத்துவமனையில் சேர்வதே வழக்கமான நுழைவாயிலாக இருந்தது. சம்பளம் பெற்றுக்கொண்டே வாரத்தில் ஒரு பகல் தொழில்நுட்பக் கல்லூரிக்குச் செல்வார். மாலை வகுப்புகளும் உண்டு. நிறுவனம் நடத்திய இடைநிலை, இறுதித் தேர்வுகளில் தேறினால் இணை உறுப்பினராகவும், குறித்த ஒரு துறையில் மேற்படித் தேர்வில் தேறினால் முதுநிலை உறுப்பினராகவும் ஏற்கப்பட்டார். பின்னர் உயர் தேசியச் சான்றிதழ் என்ற பொதுக் கல்வித் தகுதி நிறுவனத் தேர்வுகளின் இடத்தைப் பெற்றது. இவ்வழியில் வந்த ஒருவர் பத்தொன்பது, இருபது வயதிலேயே ஆயிரக்கணக்கான குருதிப் பூச்சுகளை நுண்ணோக்கியில் பார்த்திருப்பார். இன்று பட்டம் முடித்து வருபவருக்கு அந்த வாய்ப்பு அரிது.

1960ஆம் ஆண்டின் மருத்துவத் துணைத்தொழில்கள் சட்டம் ஏழு தொழில்களுக்கு அரசுப் பதிவை ஏற்படுத்தியது. மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பர் அவ்வேழில் ஒருவர். தேசிய நலவாழ்வுச் சேவையில் பணியாற்ற இப்பதிவு தேவைப்பட்டது. எனினும் வெளியே ஒருவர் அப்பெயரைப் பயன்படுத்துவதை அச்சட்டம் முழுமையாகத் தடுக்கவில்லை. அக்குறை 2003 சூலையில் நலவாழ்வுத் தொழில்கள் மன்றத்தின் பதிவேடு திறக்கப்பட்டபோது நீங்கியது. 2012இல் இம்மன்றம் நலவாழ்வு மற்றும் பராமரிப்புத் தொழில்கள் மன்றம் என்று பெயர் பெற்றது. உயிர்மருத்துவ அறிவியலாளர், மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பர் ஆகிய இரண்டுமே இப்பதிவேட்டின்கீழ்க் காக்கப்பட்ட பெயர்கள். பழைய பெயர் வழக்கிழந்துவிட்ட போதும் சட்டத்தில் உயிருடன் இருக்கின்றது. ஆகவே, பேச்சுவழக்கில் தொழில்நுட்பர் என்று அழைக்கப்படக்கூடிய ஆய்வுகூட உதவியாளர் ஒருவர் தம் பெயருக்குப் பின்னால் அதை எழுதிக்கொள்ள இயலாது.

1990களில் இத்தொழிலுக்கு நுழைவது பட்டதாரிகளுக்கு உரியதாக மாறியது. இன்று பதிவுக்கான அடிப்படைக் கல்வித்தகுதி சிறப்பு இளமாணிப் பட்டம் ஆகும். பட்டயம் மட்டும் பெற்றவர் புதிதாகப் பதிவு பெற வழியில்லை.

கைப்பயிற்சியும் காரண அறிவும்

சோதனைகளில் பெரும்பகுதியைத் தன்னியக்கக் கருவிகள் செய்யும் இக்காலத்தில் இவ்வளவு கல்வி எதற்கு என்ற வினா எழுவது இயல்பே. கருவி பிழையின்றி இயங்கியும் முடிவு தவறாக இருக்கும் நிலைகள் இதற்கு விடை தருகின்றன.

குருதிக் கலங்களை எண்ணுவதற்கான மாதிரி வழக்கமாக ஊதா மூடியுள்ள குழாயில் எடுக்கப்படுகின்றது. குருதி உறையாதிருக்க அதில் ஈ.டி.டி.ஏ. எனப்படும் வேதிப்பொருளின் பொட்டாசியம் உப்பு சேர்க்கப்பட்டிருக்கும். இப்பொருள் குருதியிலுள்ள கல்சியத்தைப் பற்றிக்கொள்வதால் உறைதல் நிகழ்வதில்லை. வேதியியல் சோதனைக்கான குழாயில் குருதி போதவில்லை என்று, எடுப்பவர் ஊதா மூடிக் குழாயிலிருந்து சிறிது ஊற்றி நிரப்பிவிடுகிறார் என்று கொள்வோம். கருவி அம்மாதிரியை அளந்து, பொட்டாசியம் மிக உயர்ந்தும் கல்சியம் மிகத் தாழ்ந்தும் இருப்பதாகக் காட்டும். குழாயில் இருப்பதைப் பொறுத்தவரை அது உண்மையே. நோயாளியின் உடலைப் பொறுத்தவரை பொய். அந்த அளவு பொட்டாசியம் மெய்யாக இருந்தால் இதயம் நின்றுவிடக்கூடும் என்பதால், மருத்துவர் உடனே அதைக் குறைக்கும் சிகிச்சையைத் தொடங்குவார். இல்லாத பொட்டாசியத்தைக் குறைக்க முற்படுகையில் இருக்கும் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்குத் தாழும்.

பட்டறிவு உள்ள தொழில்நுட்பர் இந்த இரட்டை மாற்றத்தைக் கண்டவுடன் குழாயைத் தேடி எடுப்பார். பல முறை பார்த்திருப்பதால் அவருக்கு அது தெரியும். அதே மாதிரியில் கார பாசுபட்டேசு நொதியின் செயற்பாடும் குறைந்திருக்கும். அந்நொதிக்குத் துத்தநாகமும் மக்னீசியமும் தேவை, அவற்றையும் ஈ.டி.டி.ஏ. பற்றிக்கொள்ளும் என்பதை அறிந்தவர் மூன்றாவது சான்றையும் எளிதில் காண்பார். மாசு சிறிதளவே கலந்து பொட்டாசியம் சற்றே உயர்ந்திருக்கும்போது பழக்கம் மட்டும் போதாது. அங்கு இக்காரண அறிவு உதவுகின்றது.

குருதிச் சிறுதட்டுக்களின் எண்ணிக்கையிலும் இதே வேதிப்பொருள் இன்னொரு விதத்தில் ஏமாற்றுகின்றது. சிலரது குருதியில் ஈ.டி.டி.ஏ. உள்ளபோது மட்டும் சிறுதட்டுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். கருவி ஒவ்வொரு திரளையும் சிறுதட்டு என எண்ணாமல் விட்டுவிடுவதால் எண்ணிக்கை மிகக் குறைவாகத் தோன்றும். கண்ணாடித் தகட்டில் குருதியைப் பூசி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் பூச்சின் ஓரத்தில் திரள்கள் தெரியும். உடனே சித்திரேற்றுக் குழாயில் புதிய மாதிரி கேட்டு எண்ண வேண்டும். அக்குழாயில் ஒன்பது பங்கு குருதியுடன் ஒரு பங்கு சித்திரேற்றுக் கரைசல் கலப்பதால், கிடைக்கும் எண்ணை 1.1 ஆல் பெருக்குவர். நல்ல பூச்சு ஒன்றைப் போடுவது நூலிலிருந்து கற்கக்கூடியது அன்று. கை பழக வேண்டும்.

குருதி மாற்றீட்டுப் பிரிவில் பிழைக்கு இடமே இல்லை. 1952இல் ஒய். எம். பெண்டேயும் அவரது உடனாய்வாளர்களும் பம்பாயில் கண்டறிந்து அறிவித்த பம்பாய்க் குருதி வகை இதற்கு எடுத்துக்காட்டு. இவ்வகையினரின் செங்குருதிக் கலங்களில் ஏ, பி பிறபொருளெதிரியாக்கிகள் மட்டுமன்றி, ஓ வகையினருக்கும் உள்ள எச் பிறபொருளெதிரியாக்கியும் இல்லை. வழக்கமான வகைப்படுத்தலில் இக்குருதி ஓ வகை என்றே தோன்றும். ஆனால் இவர்களது குருதிநீரில் எச்சுக்கு எதிரான பிறபொருளெதிரி இருப்பதால் ஓ வகைக் குருதியை ஏற்றினால் உயிருக்கு ஊறு நேரும். பிறபொருளெதிரித் தேடல் சோதனையில் பயன்படும் கலங்கள் அனைத்தும் ஓ வகையினவே. அவை அனைத்தும் வினைபுரிந்து, நோயாளியின் சொந்தக் கலங்கள் மட்டும் வினைபுரியாதிருப்பதைக் காண்பவர், இது ஓ அன்று என்று ஐயுற வேண்டும். இவ்வகை ஐரோப்பியரிடையே மிக அரிது. தெற்காசியரிடையே ஒப்பீட்டளவில் கூடுதல். எனவே தெற்காசிய மக்கள் வாழும் பிரித்தானிய நகரங்களின் ஆய்வுகூடங்களுக்கு இது பாடநூலில் மட்டும் உள்ள செய்தி அன்று.

இன்று இணைக்கும் வழிகள்

நேரான வழி, நலவாழ்வு மற்றும் பராமரிப்புத் தொழில்கள் மன்றத்தால் ஒப்புதல் அளிக்கப்பட்ட பட்டப்படிப்பில் சேர்வதாகும். இவற்றில் மருத்துவமனை ஆய்வுகூடப் பயிற்சி படிப்புக்குள்ளேயே அடங்கியிருக்கும். முடித்தவர் பதிவுக்கு நேரே விண்ணப்பிக்கலாம். பட்டய மரபின் உள்ளடக்கம் இங்குப் பட்டத்துக்குள் இடம்பெறுகின்றது.

பெரும்பாலானோர் செல்லும் வழி வேறு. உயிர்மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பட்டத்தைப் பயின்று, பின்னர் அந்நிறுவனம் பயிற்சிக்கு ஒப்புக்கொண்ட ஆய்வுகூடம் ஒன்றில் பணியாற்றியபடி பதிவுப் பயிற்சிக் கோப்பு என்ற ஆவணத் தொகுப்பை நிறைவு செய்ய வேண்டும். எந்தத் திறன் எந்தச் சான்றால் நிறுவப்பட்டது என்பது அதில் ஒவ்வொன்றாகக் காட்டப்படும். வெளி மதிப்பீட்டாளர் வந்து கோப்பைப் பார்த்து, பயிற்சியாளரிடம் வினவி, ஆய்வுகூடத்தையும் சுற்றிப்பார்ப்பார். தேறியவருக்குத் தகுதிறன் சான்றிதழ் வழங்கப்படும். அதுவே பதிவுக்கு வாயில். முழுநேரப் பயிற்சியில் இது பொதுவாக ஓராண்டளவு எடுக்கும். சில பல்கலைக்கழகங்களில் இரண்டாம் ஆண்டுக்கும் இறுதியாண்டுக்கும் இடையே ஓராண்டு மருத்துவமனைக்குச் சென்று கோப்பைப் படிக்கும்போதே முடித்துவிடலாம். ஆனால் அவ்விடங்கள் மாணவர் எண்ணிக்கையைவிட மிகக் குறைவு. நேர்காணலில் போட்டியிட்டே பெற வேண்டும்.

அங்கீகாரம் இல்லாத பட்டம் பெற்றவருக்கும் கதவு மூடப்படுவதில்லை. நிறுவனம் அவரது பாடங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, எவை குறைகின்றன என்று எழுத்தில் தெரிவிக்கும். அப்பாடங்களைத் துணைப்பாடங்களாகப் பயின்ற பின்னர் பயிற்சிக் கோப்புக்குச் செல்லலாம். இதற்குப் பணமும் காலமும் செலவாகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஏற்கெனவே பட்டயம் உள்ளவரின் நிலையைத் தனியே நோக்க வேண்டும். இங்கிலாந்தில் சிறப்புப் பட்டம் 360 தகுதிப்புள்ளிகளைக் கொண்டது. உயர் தேசியச் சான்றிதழ் 120 புள்ளிகளும் உயர் தேசியப் பட்டயம் 240 புள்ளிகளும் உடையவை. கணக்கின்படி பட்டயம் பெற்றவர் இறுதி 120 புள்ளிகளை மட்டும் பயின்று பட்டதாரி ஆகலாம். ஆனால் எத்தனை புள்ளிகளை ஏற்பது என்பது பல்கலைக்கழகத்தின் முடிவு. இவ்வாறு கிடைக்கும் பட்டம் அங்கீகாரம் பெற்றதா என்பதும் வேறு வினா. முதலிரு ஆண்டுகளின் குருதியியல், நோயெதிர்ப்பியல் பாடங்கள் பட்டயத்தில் இல்லாதிருந்தால், பட்டதாரியான பின்பும் துணைப்பாடங்கள் பயில நேரலாம். சேருமுன் இதை எழுத்தில் கேட்டுப் பெறுவதே அறிவுடைமை. இசுக்கொட்லாந்தில் சிறப்புப் பட்டம் நான்காண்டுக்குரியது, 480 புள்ளிகள். அங்குக் கணக்கு மாறும்.

வேலையை விடாமல் படிப்பதும் உண்டு. பழைய ஒருபகல் கல்லூரி முறையின் வழித்தோன்றலாக, இன்று இங்கிலாந்தில் பட்டத் தொழிற்பயிற்சித் திட்டங்கள் உள்ளன. ஆய்வுகூட உதவியாளராகவோ இணைப் பணியாளராகவோ இருப்பவர் சம்பளத்துடன் பட்டமும் பதிவும் பெற இவை வழிசெய்கின்றன. பதிவுக்குத் தேவையான இரண்டையும் ஒரே இடத்தில் தரும் வழி என்ற வகையில், கட்டணம் செலுத்திப் பட்டம் பெற்றுவிட்டுப் பயிற்சி இடத்துக்காகக் காத்திருப்பதைவிட இது மேலானது.

பெயரொற்றுமையின் இடர்

பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் உயிர்மருத்துவம் என்ற சொல்லைத் தலைப்பில் கொண்ட படிப்புகள் ஏராளம். ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் உயிர்மருத்துவ அறிவியல்கள் படிப்பு ஆராய்ச்சியை நோக்கிய உயர்ந்த படிப்பு. மருத்துவமனை ஆய்வுகூடப் பணிக்கான பயிற்சி அன்று. பன்மை விகுதி ஒன்றை வைத்து இதை உய்த்துணர முடியாது. அங்கீகாரப் பட்டியலைப் பார்த்தே அறிய வேண்டும். மருத்துவக் கல்லூரிக்கு இடம் கிடைக்காமல் இப்படிப்புகளில் சேர்வோரும் உண்டு. இறுதியாண்டில்தான் பயிற்சி இடத்தைப் பற்றி முதன்முறையாகக் கேள்விப்படுகின்றனர். பயிற்சி இடம் கிடைக்காத பட்டதாரிகள், பட்டம் தேவைப்படாத உதவியாளர் பணியில் சேர்ந்து காத்திருப்பது அந்நாட்டில் நன்கறியப்பட்ட நிலை. 2004இல் நடைமுறைக்கு வந்த தேசிய நலவாழ்வுச் சேவைச் சம்பள முறையில் உதவியாளர் 2 அல்லது 3ஆம் படியிலும், இணைப் பணியாளர் 4ஆம் படியிலும், பதிவு பெற்ற உயிர்மருத்துவ அறிவியலாளர் 5ஆம் படியிலும் தொடங்குவர். ஒரே கூடத்தில் ஒரே பட்டத்துடன் நிற்கும் இருவரிடையே இவ்வேறுபாடு பதிவினால் மட்டுமே ஏற்படுகின்றது.

மருத்துவமனை அறிவியலாளர் என்பது இதனோடு குழப்பிக்கொள்ளப்படும் மற்றொரு காக்கப்பட்ட பெயர். அது பட்டத்துக்குப் பின் மூன்றாண்டுப் பயிற்சியும் முதுமாணிப் பட்டமும் கொண்ட வேறு வழி.

பட்டத்துக்குப் பின் வரும் பட்டயம்

பட்டயம் இத்தொழிலிலிருந்து மறைந்துவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. முன்பு பட்டத்துக்குக் கீழே இருந்த அது இப்போது மேலே சென்றுள்ளது. பதிவு பெற்றவர் குருதியியல், மருத்துவ வேதியியல், இழையநோயியல், நுண்ணுயிரியல் போன்ற துறையொன்றில் மேலும் பயிற்சி பெற்று, கோப்பு நிறைவு செய்து, உயிர்மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் சிறப்புப் பட்டயத்தைப் பெறுகின்றார். 6ஆம் சம்பளப் படிக்கு உயர இது வழக்கமாகக் கேட்கப்படும் தகுதி. அதற்கு மேல் உயர் சிறப்புப் பட்டயம் உண்டு. இழையக் கூறுகளை வெட்டி ஆராய்தல் போன்று முன்பு மருத்துவரான நோயியலாளர் மட்டும் செய்த பணிகளுக்குரிய பட்டயங்கள், அரச நோயியலாளர் கல்லூரியுடன் இணைந்து வழங்கப்படுகின்றன.

இந்தியா, இலங்கையிலிருந்து செல்வோர்

வெளிநாட்டில் பயின்றவர் பன்னாட்டு விண்ணப்பமாகப் பதிவு கோரலாம். மன்றம் விண்ணப்பதாரரின் கல்வி, பயிற்சி, பணி அனுபவம் ஆகியவற்றைத் தன் தகுதிறன் தரங்களுடன் ஒப்பிட்டு ஒவ்வொரு விண்ணப்பமாக முடிவு செய்கின்றது. ஆங்கில மொழித்திறனுக்கும் சான்று வேண்டும். இந்தியாவில் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பம் பட்டயமாகவும் பட்டமாகவும் கற்பிக்கப்படுகின்றது. பட்டயம் பெற்றோர் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரே சேரும் வாய்ப்பைப் பல நிறுவனங்கள் அளிக்கின்றன. துணை மற்றும் நலவாழ்வுத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டின் தேசிய ஆணையச் சட்டம், துணைநலத் தொழிலருக்குக் குறைந்தது 2,000 மணிநேரப் பயிற்சியையும், பட்டம் பெற்ற நலவாழ்வுத் தொழிலருக்குக் குறைந்தது 3,600 மணிநேரத்தையும் வரையறுத்துள்ளது. இலங்கையில் சுகாதார அமைச்சின் டிப்ளோமாப் பயிற்சியும், பேராதனை, யாழ்ப்பாணம் உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் பட்டப்படிப்பும் அருகருகே உள்ளன. பதிவை இலங்கை மருத்துவச் சபை மேற்கொள்கின்றது.

விண்ணப்பத்தில் பட்டத்தின் பெயரைவிடப் பயின்றவற்றின் விவரமே எடையுடையது. எந்தப் பிரிவில் எத்தனை மணிநேரம், எந்தச் சோதனைகள், யார் மேற்பார்வையில் என்பவை கேட்கப்படும். ஆகவே பயிற்சிக் காலத்துப் பதிவேடுகளையும் பாடத்திட்டத்தையும் கல்லூரியிலேயே கையொப்பத்துடன் பெற்று வைத்துக்கொள்வது நலம். பத்தாண்டுகள் கழித்து அவற்றைத் தேடுவது கடினம். ஒருமுறை பெற்ற பதிவும் நிலையானது அன்று. இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அப்போது சிலர் தேர்ந்தெடுக்கப்பட்டு, தொடர்ந்து கற்றுவந்ததற்கான சான்றுகள் அவர்களிடம் கேட்கப்படுகின்றன. பதிவேடு இணையத்தில் எவரும் பார்க்கக்கூடியதாக உள்ளது. பெயரைக் கொண்டு தேடினால் ஒருவர் பதிவு பெற்றவரா என்பதை நோயாளியும் அறியலாம்.